சங்கத்துச் சுவரின் மூன்று நவம்பர்கள்

சுக்ரே, அக்டோபர் 20, 2019

அன்பு மகள் அதெலாவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் முழு நலம், மட்ரிட் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டி மாடங்கள் அடுக்கிய அச்சுக்கோப்பாளர் சங்கத்துச் சுவரை, அப்பா படுத்திருக்கும் சுவரை, இடிக்கப் போகிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதி உன்னை அழவைத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள். சுவர் நிற்கிறது, இனியும் நிற்கும்.

நூறு வருடம் ஆனதென்றால் தொடமாட்டார்களாம், ஆனால் ஆண்டு பொறித்த நெற்றிக்கல் நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போனது உனக்குத் தெரியும். கிரோகா என்று ஒரு இளம் இஞ்சினியர் வந்தான், படித்தவன், சட்டைக்காலர்தான் அழுக்கு. சங்கத்தில் மிஞ்சியிருக்கும் பெரியவர் தொன் செனோபியோ அவனிடம், "தம்பி, வருஷா வருஷம் நவம்பர்ல இறந்தோர் நாளுக்கு முன்னாடி ஒரே ஒரு பூச்சு சுண்ணாம்பு அடிப்போம், எண்ணிக்கோ" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தார். அவன் ஒரு சுண்ணாம்புப் பக்கைப் பெயர்த்துப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினான். தொண்ணூற்றேழு. "மன்னிச்சுக்குங்க தொன்யா எர்மினியா, மூணு வருஷம் குறையுது" என்றான் என்னிடம். தன் வாயாலேயே சுவரை இடித்துவிட்டவர் போல செனோபியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது. முப்பத்திரண்டில் பராகுவேயோடு மூண்ட சாக்கோ போருக்குச் சங்கத்து ஆண்கள் அத்தனை பேரும் போய்விட்ட காலத்தைச் சாகும்வரை சொல்லித் திட்டுவார், "மூணு நவம்பர் செவரு அழுக்காவே கெடந்துச்சு, எங்களுக்குக் கையில்லையா? பொம்பள தூரிகையைத் தொடக்கூடாதுன்னு சங்கத்து விதியாம்!" அதைச் சொன்னதும் இஞ்சினியர், "கதையையெல்லாம் எழுதிக்க முடியாதுங்களே" என்று சிரித்தான். விடையைச் சரிபார்க்காத தாளை எங்கள் மடத்துப் பள்ளி மதர் கையால் வாங்கமாட்டார். அந்தப் பழக்கத்தில் நான் கணக்குப் போட்டுச் சொன்னேன்: "கட்டி நூறு வருஷம்னா, போருக்கு முன்னாடி பதிமூணு பூச்சு விழுந்திருக்கணும். அடியிலேர்ந்து பதிமூணாவதுக்கு மேல என்ன இருக்குன்னு பாரு தம்பி." பார்த்தான். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தான். பென்சில் கோடு போலக் கறுப்பாக ஒரு வரி, மூன்று வருடத் தூசியும் மெழுகுவர்த்திப் புகையும். வேறெந்தப் பூச்சின் மேலும் அது இல்லை. "அன்செல்மோ இவங்களோட எப்படித்தான் குடித்தனம் பண்ணினானோ!" என்றார் செனோபியோ. உன் அப்பா நன்றாகவே பண்ணினார்.

சுவரை இடிக்கக் கூடாதென்று காகிதத்தில் கையெழுத்தாகிவிட்டது. செனோபியோவுக்கு இனி ஏணி ஏற முடியாது, தூரிகையை என்னிடம் நீட்டினார். விதி என்னாவது என்றேன். "விதியை எழுதினவங்க எல்லாம் உள்ளதான் படுத்திருக்காங்க, எவனும் எந்திரிச்சுக் கேக்கமாட்டான்" என்றார். மேல்வரிசைக்கு ஆள் வைத்திருக்கிறேன், கை எட்டும் வரிசையெல்லாம் நான்தான். அப்பாவின் மாடமும் அதில் வரும், பக்கத்தில் எனக்கென்று காலியாக இருப்பதும் வரும், அதற்கு ஒன்றும் அவசரமில்லை.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும். இறந்தோர் நாளன்று அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற மறக்காதே, திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதே. மாமியாரை நினைத்தால் விட்டுப்போன மூன்றுக்கும் சேர்த்து நாலு பூச்சாக அடிக்கத்தான் கை துடிக்கிறது. அடிக்கமாட்டேன். ஒரே பூச்சுதான். இன்னும் நூறு வருடம் கழித்து எண்ண வருகிறவனுக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

என்றும் உன் அம்மா,
எர்மினியா