கடல் முதலில் மாறவில்லை, ஸ்டெல்லா

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ எங்களையெல்லாம் விட்டுப் போனபின் உன் மேசையில் நான்தான் உட்கார்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நம் மாதிரிகளின் முடிவுகள் வந்துவிட்டன. வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சிதம்பரத்துக் கல்லூரி ஆய்வகத்தில் நாம் இருவரும் ஆழ்கடல் சேற்றைச் சலித்து, மணலளவுக் கடலுயிர்களின் ஓடுகளைப் பொறுக்கியது இதற்காகத்தானே? மனிதர்களே இல்லாத காலத்தில் பூமி ஒருமுறை கடுமையாகச் சூடேறியது. அதைத் தொடங்கிவைத்தது எது? "கடல்தான்க்கா. அடியில ஓடுற நீரோட்டம் மொதல்ல மாறிச்சு, அப்புறந்தான் சூடு" என்பாய். நான் மறுப்பேன். கடைசியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நீ விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் காலக் கடலின் சூட்டைப் பதித்து வைத்திருக்கும் ஓடுகள் வேறு விதமாகச் சொல்கின்றன, ஸ்டெல்லா. முதலில் சூடு மெல்ல ஏறியிருக்கிறது. அதன்பிறகே நீரோட்டம் மாறியிருக்கிறது. முன்பு குளிர்ந்த நீர் இறங்கிய ஆழத்துக்கு வெதுவெதுப்பான நீர் இறங்கியிருக்கிறது. கடலடித் தரை சூடாகி, அங்கே உறைந்து கிடந்த வாயு வெளியேறி, பூமி இன்னும் கொதித்திருக்க வேண்டும்.

உன் கருத்து தவறு என்று நம் கட்டுரையில் உன் பெயரையே போட்டு எப்படி எழுதுவது? பெயரை எடுத்துவிட்டால் உன் உழைப்பு என்னாவது? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கடலூருக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் மோகன் சிப்காட் ஆலையில் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவ சொன்னது தப்புங்களாக்கா?"

"பாதி தப்பு. ஆரம்பிச்சு வச்சது கடல் இல்ல. ஆனா ஜாஸ்தி பண்ணது கடல்தான்."

"அப்ப அப்படியே எழுதுங்க. மறைச்சீங்கன்னா அவ ஒங்கள சும்மா விடமாட்டா. பேரை மட்டும் எடுத்துடாதீங்க." சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

அங்கிருந்து கடற்கரைக்குப் போனேன். ஓரிடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். இந்தக் கடலும் சூடாகிக்கொண்டிருக்கிறதே, நாம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம்? அடியில் ஏதாவது மாறத் தொடங்கிவிட்டதா? உன்னைவிட்டால் இதை யாரிடம் கேட்பேன்?

கட்டுரையை நாளை ஆய்விதழுக்கு அனுப்புகிறேன். உன் பெயர் முதலில் இருக்கும். நீ எங்கே தவறினாய் என்பதும் இருக்கும். அடுத்த சேற்றைச் சலிக்கத் தொடங்கிவிட்டேன். அது என்னைத் தவறென்று காட்டினால், அதையும் மறைக்காமல் எழுதுவேன். சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
வாசுகி