கடல் மணல் பூசிய சுவர்

என் ஆசை நைனாவுக்கு,

எண்ணூரில் மழை விட்டு ஒரு வாரம் ஆகிறது. நம் வீட்டுக்குள் மட்டும் ஓதம் காயவே இல்லை. அம்மாவின் கட்டிலை ஒட்டிய சுவரில் பூஞ்சை கறுப்பாக ஏறிவிட்டது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, நைனா. கடைசியில் உனக்கு இழுத்ததே, அதே சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

தம்பி பிளாஸ்டிக் பலகையோடு ஆளையே கூட்டிவந்துவிட்டான். "இத்த அட்ச்சி மூடிரலாம்க்கா. பளபளன்னு கீது, தொடச்சா போதும்" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "மூடுனா பூஞ்ச செத்துடுமாடா? உள்ளயே வளந்துகினு இருக்கும்" என்று கத்தினேன்.

திருவொற்றியூரில் பெயின்ட் கடையில் நின்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. அந்தக் காலத்தில் குப்பத்தில் எல்லோரையும் போல நீயும் கரையில் அள்ளிய மணலைத்தானே பூசினாய்? வேறு மணல் வாங்க நமக்கு ஏது வழி? ஆனால் அந்த உப்பு இன்னும் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. செங்கல் தெரியக் கொத்தாமல் எதை அடித்தாலும் நிற்காது.

சுத்தியலை எடுத்ததும் அம்மா சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டாள்.

"அவுரு கையால பூசின செவுருடி. நான் கீற வரைக்கும் யாரும் தொடக்கூடாது." சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

"இந்தச் செவுரு இருந்தா நீ இருக்கமாட்டம்மா!"

வாயிலிருந்து வந்துவிட்டது. தம்பி என்னை முறைத்தான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ, நைனா?

அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனாள். அங்கிருந்து, "கொத்திக்கோ. எனக்குக் காட்டாத" என்றாள். நாலு அடி அடித்தேன், அழுகை வந்துவிட்டது. மிச்சத்தைத் தம்பிதான் கொத்தினான்.

புதுப் பூச்சுக்கு எம்-சாண்ட் வந்திருக்கிறது, கல்லை உடைத்துச் செய்த உப்பில்லாத மணல். நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு. பிளைவுட் அலமாரி பூஞ்சைக்குத் தீனி, அதனால் கடப்பா கல்லில் தட்டு வைக்கிறோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருகிறதென்று எப்போதும் சாத்திவைத்த ஜன்னலையும் இனி காற்றுப் பார்த்துத் திறப்பேன்.

உன் கைப்பூச்சைப் பெயர்த்துவிட்டேன், நைனா. திட்டுவதென்றால் திட்டு. ஆனால் அங்கே அம்மாவுக்காகக் காத்திருக்கிறாயென்றால், இன்னும் ரொம்ப நாள் காத்திரு. இப்போதைக்கு நான் அனுப்பமாட்டேன்.

அடங்காத உன் மூத்த பொண்ணு,
தேவி