பம்பு சந்துப் படிப்பறைக்கு மறுபடி ஓட்டு வேண்டி

அனுப்புநர்:
எ. ராதா (வயது 61),
க/பெ எத்திராஜ்,
எண் 17, பம்பு சந்து,
ஜோகுபாளையம், பெங்களூரு.

பெறுநர்:
வார்டு அதிகாரி அவர்கள்,
வட்டார அலுவலகம், பெங்களூரு.

பொருள்: படிப்பறையை வண்டி நிறுத்துமிடமாக்க போனில் நடந்த வாக்கெடுப்பை ரத்து செய்து, எல்லோரும் கலந்துகொள்ளும்படி மறுபடி நடத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. இந்தப் படிப்பறையில் பேப்பரை எழுத்துக் கூட்டிப் பார்த்துத்தான் படிக்கக் கற்றேன். வரும் 30-ஆம் தேதி அதை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

1. பத்து வீட்டார் கேட்டால் எதையும் ஓட்டுக்கு விடுவது எங்கள் சந்து வழக்கம். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அறிவேன். 1986-ல் பொதுக்குழாயை எந்த முனையில் வைப்பது என்று சண்டை வந்தபோது, என்ஜினியர் சேஷகிரி அவர்கள், "நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா, அங்கேயே வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். எழுதத் தெரியாதவர்களே அதிகம். எனவே அம்மன் கோயில் வாசலில் குடம் வைத்து, மேல்முனைக்குப் பச்சை வளையல் துண்டு, கீழ்முனைக்குச் சிவப்புத் துண்டு போட்டோம். கற்பூரம் காட்டிவிட்டு எண்ணியது நான்.

2. வளையல் யோசனையும் என்னுடையதே. எண்ணி முடித்ததும் காந்தா அக்கா வந்தார். "வளையலத்தான் அன்னிக்கே ஒடச்சிட்டீங்களேடி, இப்ப அதைத் தொட்டு ஓட்டு வேற போடணுமா?" என்றார். கணவரை இழந்த பதினோரு பேரில் ஒருவர்கூட வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாளே மொச்சையும் புளியங்கொட்டையும் வைத்து மறுபடி நடத்தினோம். முடிவு மாறியது. மேல்முனைக்காரியான நான் பதினாறு வீடு தாண்டித் தண்ணீர் சுமந்தேன். வருத்தப்பட்டதில்லை.

3. பிறகு நான்கு முறை ஓட்டு நடந்தது. 1995-ல் காலியான ரேஷன் கடையைப் படிப்பறை ஆக்கியதும் அப்படித்தான். ஓட்டு நாளன்று எல்லா வீட்டிலும் சீக்கிரம் சமையல் முடிந்துவிடும். பவுலின் டீச்சர் மர்பி டவுனிலிருந்து வந்து குடத்துக்குக் காவல் உட்காருவார். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு மோர் ஊற்ற வேண்டும். "இன்னும் ரெண்டு டம்ளர் ஊத்து, வயிறு எரியுது" என்ற கிண்டல் சந்து முழுக்கக் கேட்கும். அந்தச் சிரிப்பெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது, ஐயா.

4. இப்போது 112 வீடுகளில் 38 பேர் போன் மூலம் ஓட்டுப் போட்டார்களாம். 29 பேர் வண்டி நிறுத்தம் கேட்டார்களாம். வண்டி வைக்க இடமில்லாத கஷ்டம் நியாயமானதே. ஆனால் டச் போன் இல்லாத வயதானவர்களுக்கும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் விஷயமே தெரியாது. வேண்டுமென்று செய்ததாகச் சொல்லவில்லை. நாங்களும் செய்த தவறுதான். நாங்கள் ஒரே நாளில் திருத்திக்கொண்டோம்.

ஆகவே 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சந்திலேயே ஓட்டு நடத்த உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தங்கள் ஊழியர்களே எண்ணட்டும். தோற்றால், மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துவைத்து, அறையைப் பெருக்கி, சாவியை நானே தங்கள் கையில் ஒப்படைப்பேன்.

இணைப்பு: மகள் தீபிகா எழுதிய கன்னட நகல், 64 வீட்டார் கையெழுத்து, கைநாட்டு.

இடம்: பெங்களூரு
நாள்: 14-06-2024

இப்படிக்கு,
எ. ராதா