பின்னாலேயே போன கல்யாண ஜீப்பு

அன்பு மகன் திலக்ஷனுக்கு அம்மா எழுதிக்கிறது,

தெனமும் வெளக்கு வைக்கையில ஒம்பேர சொல்லித்தான் மாரியம்மாகிட்ட கும்புட்டுக்கிறேன், அதனால நீ சுகமாத்தான் இருப்ப. இங்க நானும் அப்பாவும் சுகம், கோழிங்க சுகம், ஜீப்பும் சுகம். என்னடா அம்மா வாயிலருந்து ஜீப்பு சுகம்னு வருதேன்னு மலைச்சிப் போயிராத, காரணம் இருக்கு. போன்ல சொல்லலாம்னா ஒங்கப்பா பக்கத்துலயே ஒக்காந்துகிட்டு நான் ஒண்ணு சொன்னா அவரு ஒம்போது சொல்லி கதையவே கெடுத்துப்புடுறாரு. செல்லசாமி மாமாவோட மருமகன் வர்ற கெழம கட்டாருக்குப் போறாப்ல, மாசிக் கருவாட்டுத் தூளும் முறுக்கும் தேயிலத்தூளும் குடுத்து விடுறேன், அதோட இந்தக் கடுதாசியும் வரும். முறுக்க ரூம்ல இருக்க எல்லாருக்கும் குடு, மாசித்தூள மட்டும் ஒளிச்சு வச்சுக்க.

தங்கச்சி கல்யாணத்துல நீ வீடியோவுல தாலி கட்டுறத பாத்ததோட சரி, அப்புறம் மழ மூடி சிக்னல் போயிருச்சி. நீ பாக்காததுதான் பெரிய கூத்து. அதச் சொல்றதுக்கு மொதல்ல அந்த ஜீப்பப் பத்திச் சொல்லணும். அத வாங்கறப்ப நீ இங்க இல்ல, போட்டோவுல பாத்துட்டு ஆஹா ஓஹோன்ன, அப்புறம் என் பொலம்பலக் கேட்டுக் கேட்டு வித்துப்புடுங்க வித்துப்புடுங்கன்னு நீயும் சொல்ல ஆரம்பிச்ச. ஒங்கப்பா தோட்டத்து லொறி ஓட்டின காலம் முழுக்க தொரமாரு ஜீப்பு வந்தா தண்ணிக் கான் ஓரமா ஒதுக்கி வழிவிட்டே பழகின மனுசன். வேலையிலருந்து நின்ன ஒடனே தோட்டத்துப் பழைய ஜீப்ப விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டாரு, அவ்வளவுதான், சோறு எறங்கல. வாங்கிக் கொண்டாந்து நிப்பாட்டின அன்னைக்கி மாப்புள மாதிரி அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துகிட்டாரு. எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேந்தான்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சி போச்சி. வலது பக்கம் திருப்பினா ஹோர்ன் தானா அடிக்கும், நாம போற எடமெல்லாம் ரோட்டு மொடக்குக்கு மொடக்கு ஆளுங்க லயத்து வீட்ட விட்டு வெளிய வந்து என்னமோ ஏதோன்னு பாப்பாங்க. மழ பேஞ்சா சரியா நான் ஒக்கார்ற எடத்துலதான் ஒழுகும், நான் ஜீப்புக்குள்ள கொடய விரிச்சிகிட்டு பொகவந்தலாவ கடவீதியில போயி எறங்கியிருக்கேன், சந்தையே சிரிச்சுது. பின்கதவுல எடது பக்கம் தொறக்காது, வைப்பர்ல வலது பக்கம் வேல செய்யாது. இதெல்லாம் போகட்டும், ஸ்டார்ட்டுன்னு ஒண்ணு இருக்கே, அது அதுக்கு மனசு வந்தாத்தான். கராஜ் பாஸ் கழட்டிப் பூட்டி கழட்டிப் பூட்டிப் பாத்துட்டு, மேக்கட பிஸ்ஸு அம்மேன்னு சிங்களத்துல சொல்லிட்டுப் போயிட்டாரு. பைத்தியம் ஜீப்புக்கு மட்டுமில்ல, அத வாங்கினவருக்கும்தான்னு நான் சொன்னேன். அதனால ஒங்கப்பா என்ன பண்ணுவாருன்னா, எங்க போனாலும் மூக்கு எறக்கத்தப் பாத்த மாதிரி நிப்பாட்டி டயருக்கு ஒரு கல்ல அண்டக் குடுத்துருவாரு. கெளம்புறப்ப கல்ல எடுத்தா ஜீப்பு தானா உருளும், உருள்ற வேகத்துல கியரப் போட்டு கிளச்ச விட்டா ஒரு செருமு செருமிட்டு கெளம்பிரும். எறக்கம் இல்லாத ஊருல இந்தாளு பொழைக்கவே முடியாது.

இப்ப கல்யாணத்துக்கு வர்றேன். பொண்ணையும் மாப்புளயையும் கொட்டகலைக்கு அனுப்புறதுக்கு நல்ல காரு ஒண்ண வாடகைக்குப் புடிப்போம்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். ஒங்கப்பா கோழிக்குத் தீனி போடுற மாதிரி குனிஞ்சிகிட்டே, எம்மகள என் ஜீப்புலதான் கொண்டு போயி விடணும்னு ஆசன்னு மொனகினாரு. தங்கச்சி நிலக்ஷியும் அவருகூட சேந்துகிட்டா, அப்பா ஜீப்புல இல்லன்னா நான் போகவே மாட்டேன்னு ஒரே அடம். ரெண்டு பேரு ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். சரி போய்த் தொலைங்க, ஆனா பொண்ண கொண்டு போயி விட்ட கையோட அத வித்துப்புடணும், நம்ம மாரியம்மா மேல சத்தியம் பண்ணுங்கன்னேன். சத்தியம் பண்ணாரு. பண்ணறப்ப மொகத்த அந்தப் பக்கம் திருப்பிகிட்டாரு, பாவமாத்தான் இருந்துச்சி, ஆனா நான் விட்டுக் குடுக்கல.

கோயில்ல தாலி கட்டி முடிஞ்சி, வீட்டுக்கு வந்து பந்தியெல்லாம் முடிஞ்சி, சாயங்காலம் ராகு காலம் பொறக்கிறதுக்குள்ள பொண்ண அனுப்பிப்புடணும். மாப்புள வீட்டாளுங்க பொண்ண வரவேத்து ஆரத்தி எடுக்கணும்னு அவங்க வேன்ல முன்னாடியே கொட்டகலைக்குக் கெளம்பிட்டாங்க. நம்ம சதீஸ்குமாரும், ஒரு தப்புஞ் சொல்ல முடியாது, தங்கமான மாப்புள, அவரு கூட்டாளிமாரு கொஞ்சப் பேரும்தான் மிச்சம். ஜீப்பு, காலையில பேரு கூப்புட்டு வேல பிரிச்ச பழைய பெரட்டுக்களத்து ஓரத்துல, எறக்கத்தப் பாத்து, கல்லு வச்சி, பூவெல்லாம் கட்டி அழகா நிக்குது. அப்ப அப்பா பந்தி எல கிட்ட நின்னு கடசியா சாப்புடுற ஆளுங்கள கவனிச்சிகிட்டு இருந்தாரு. இந்த நேரத்துல றொசல்லயிலருந்து வந்திருந்த அத்த வந்து பாத்தாங்க. ஒனக்குத்தான் ஜீவராணி அத்தைய தெரியுமே, சாஸ்திரத்துல ஒரு புள்ளி குறைய விட மாட்டாங்க. பொண்ணு ஏறுற வண்டி மேக்க பாத்து நிக்குதே, அஸ்தமனத்தப் பாத்தா பொண்ண அனுப்புறது, இது அடுக்குமான்னு கத்தி, கூட்டாளிமார கூப்புட்டு கெழக்கப் பாத்து திருப்புங்கன்னுட்டாங்க. அந்தப் பிள்ளைங்களும் சோறு தின்ன தெம்புல ஆளுக்கொரு பக்கம் தூக்காத கொறையா தள்ளி மூக்க கெழக்க திருப்பிட்டாங்க. நம்ம தோட்டத்துல கெழக்கன்னா மேடு, எறக்கம் முழுக்க மேக்கால. தள்ளின வேகத்துல பின்டயரு ரெண்டும் எறக்கத்துக்குள்ள எறங்கிருச்சி, அவசரத்துல கல்ல அண்டக் குடுத்து நிப்பாட்டி, அத்த மஞ்சக் குங்குமம் வச்சி எலுமிச்சம்பழமும் வச்சிட்டாங்க. எல்லாரும் கைய தட்டிகிட்டு நல்லது நல்லதுன்னாங்க, நானுந்தான்.

அப்பா வந்து பாத்தாரு. மொகத்துல ரத்தமே இல்ல. ஏறி சாவியத் திருப்பினாரு, அது ஒரு டிக்கு, அதோட சரி. இன்னொரு டிக்கு. பொண்ணு ஏறியாச்சி, பின்கதவு ஒரு பக்கம் தொறக்காததால சேலையோட அங்கிட்டு இங்கிட்டு நகர முடியாதுன்னு நிலக்ஷி முன்னுக்கு அப்பா பக்கத்துல, மாப்புளயும் தொணைக்குப் போற அத்தையும் பின்னுக்கு. மறுபடி களத்துக்கு மேல தள்ளிப் பாத்தாங்க, மழ பேஞ்ச புல்லு, ஆளுங்கதான் வழுக்கி விழுந்தாங்க, ஜீப்பு அசையல. ஆட்டோ கூப்புடலாம்னு ஒருத்தன் சொன்னான். அப்பா ஸ்டியரிங்க புடிச்சிகிட்டு நேரா பாத்தாரு, இத்தன வருசத்துல அந்த மனுசன் கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல திலக்ஷன், அன்னைக்கிப் பாத்தேன். நிலக்ஷி அப்பா கைய புடிச்சிகிட்டு நான் எறங்க மாட்டேன்ட்டா. அப்பத்தான் அவரு மெதுவா, ரிவர்ஸ் கியரப் போட்டு பின்னாலேயே உருட்டினா எடுத்துக்கும்னாரு. அத்த பின்சீட்டுலருந்து, ஐயையோ பொண்ணு பின்னாலேயா போறது, பின்னால போற பொண்ணு பின்னாலேயே திரும்பி வந்துருவா, என் தலைய வெட்டினாலும் விடமாட்டேன்னு ஒப்பாரி வைக்காத கொறையா கத்துறாங்க. ராகு காலம் வேற வந்துகிட்டே இருக்கு.

எனக்கு எங்கருந்துதான் அப்படி ஒரு ஆவேசம் வந்துச்சோ. இந்தாங்க மதினி, வாய மூடுங்கன்னேன். பொண்ணு பொறந்த வீட்டுக்கு முதுகக் காட்டாம மொகத்தக் காட்டிகிட்டு போறா, இதவிட என்ன நல்ல சகுனம் வேணும், எடுங்கடா அந்தக் கல்லன்னு கத்திட்டேன். அத்த வாயடைக்கணும்னு வாய்க்கு வந்தத சொன்னதுதான், நெனச்சிச் சொன்னதில்ல. கல்ல எடுத்தாங்க. ஜீப்பு பின்னால உருள ஆரம்பிச்சுது, உருண்டுச்சி, உருண்டுச்சி, அப்புறம் ஒரு செருமு செருமிட்டு கருப்பா பொகய கக்கிகிட்டு எடுத்துகிச்சி பாரு! கூட்டாளிமாரு விசிலடிக்கிறாங்க, லயத்துச் சனமெல்லாம் கைத்தட்டுறாங்க, செல்லசாமி மாமா இருந்த ஒரே ஒரு பட்டாச கொளுத்திப் போட்டாரு. அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் தேயில, ஒரு பக்கம் கான் வேற, தண்ணி டேங்கி மொடக்கு வர்ற வரைக்கும் வண்டி திருப்ப எடமில்ல. அவ்வளவு தூரமும் ஒங்கப்பா கழுத்த பின்னுக்குத் திருப்பிகிட்டு ரிவர்ஸ்லேயே போனாரு, சும்மா சொல்லக்கூடாது, கயிறு புடிச்ச மாதிரி போனாரு. ஸ்டியரிங் கொஞ்சம் வலது பக்கம் திரும்பினா ஹோர்ன் அடிக்குது, அது கேட்டு கீழ் லயத்து ஆளுங்களும் ஓடியாந்துட்டாங்க. நாதஸ்வரம் தோத்துப்போச்சி.

அந்த நேரம் பாத்து மழ தூறிச்சி. அப்பா பக்கத்துக் கண்ணாடி பூராவும் தண்ணி, அவரு அங்கிட்டு பாக்கவே இல்லையே, அவருக்கென்ன. நல்லா இருக்க ஒரு வைப்பரு நிலக்ஷி பக்கம். அது தொடச்சித் தொடச்சி விடுது, எம்மக மொகம் தெரியுது. அழுதுகிட்டே சிரிக்கிறா, கைய ஆட்டுறா. பொண்ண அனுப்புற அன்னைக்கி தாய் கூடப் போகக்கூடாதுல்ல, அதனால எல்லாத் தாய்மாரும் வண்டியோட முதுகத்தான் பாத்துகிட்டு நிப்பாங்க. என்னப் பெத்தவளும் அப்படித்தான் நின்னா. நான் மட்டுந்தான் மொடக்கு வரைக்கும் எம்புள்ள மொகத்தப் பாத்துகிட்டு நின்னேன், அவளும் என்னையே பாத்துகிட்டுப் போனா.

ராகு காலத்துக்கு முன்னாடியே மொடக்கு தாண்டிட்டாங்க. கொட்டகலையில ஆரத்தி எடுத்து எறக்கின கையோட ஜீப்பு சம்மந்தி வீட்டு வாசல்லயே படுத்துருச்சி, அங்க ஒரே சமதரை. மறுநா காலையில சம்மந்தியே வேட்டிய மடிச்சிக் கட்டிகிட்டு, சொந்தக்காரங்க எல்லாத்தையும் சேத்துகிட்டு தள்ளி அனுப்பி வச்சாராம். எந்தச் சம்மந்திக்கு இந்த மரியாத கெடைக்கும் சொல்லு. அத்த இன்னும் எங்கிட்ட மொகங் குடுத்துப் பேசல, ஆனா நிலக்ஷிக்கு தெனமும் போன் போட்டு புகுந்த வீட்டுல எல்லாம் நல்லபடியா இருக்கான்னு கேக்குறாங்களாம். அவ நல்லா இருக்கா, மாமியா அவள அடுப்பு பக்கமே விடுறதில்லயாம், நம்பலாமோ என்னமோ.

போன கெழம அட்டனுலருந்து ஜீப்ப வாங்குறதுக்கு ஒரு ஆளு வந்தாரு. ஒங்கப்பா சத்தியம் பண்ணின மனுசன், சாவியக் கொண்டாந்து மேசையில வச்சிட்டு வெளிய போயி நின்னுகிட்டாரு. நான் அந்த ஆள கூட்டிட்டுப் போயி ஜீப்ப சுத்திக் காட்டினேன். ஹோர்ன சொன்னேன், கதவ சொன்னேன், வைப்பர சொன்னேன், எறக்கத்துல நிப்பாட்டணும்னு கல்லையும் காட்டினேன், கடசியில என் கொடய எடுத்து அவரு கையில குடுத்து, மழ பேஞ்சா உள்ள விரிச்சுக்கணும், இதுவும் வண்டியோட சேத்திதான்னேன். தேத்தண்ணிய ஆற வச்சிட்டுப் போயிட்டாரு மனுசன். ஒங்கப்பா என்ன பாத்து ஏன்டி அப்படி சொன்னன்னு கேட்டாரு. பொய் சொல்லி விக்கச் சொல்றீங்களான்னு கேட்டேன். மாரியம்மாவுக்கு ஒரு தேங்கா ஒடச்சி சத்தியத்த நானே வாபஸ் வாங்கிட்டேன், அவருகிட்ட இன்னும் சொல்லல, கொஞ்ச நாளைக்கி பயந்துகிட்டு இருக்கட்டும். நீயும் மூச்சு விடாத.

வெய்யில்ல தொப்பி போடாம போகாத, தண்ணி நெறைய குடி, வெளிச் சாப்பாட்ட கொற. நீ நூறு வருசம் நோய் நொடி இல்லாம, நெனச்சதெல்லாம் கையில வந்து சேர்ந்து நல்லா இருக்கணும், மாரியம்மா கூடவே இருப்பா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. நீ கட்டாருக்குப் போன அன்னைக்கி விடியக்கால பனியில அந்த வேனோட பின்னுக்கு ரெண்டு செவப்பு லைட்டத்தான் நான் பாத்துகிட்டு நின்னேன், நீ திரும்பிப் பாத்தியா இல்லையான்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த தரம் லீவுல வந்துட்டுத் திரும்பிப் போறப்ப வேன் கீன்னு ஒண்ணும் புடிக்காத. நம்ம ஜீப்புல முன்சீட்டுல ஏறி ஒக்காரு. தண்ணி டேங்கி மொடக்கு வரைக்கும் பின்னாலேயே விடச் சொல்லி அப்பாகிட்ட நான் சொல்றேன்.

இப்படிக்கு,
ஒன்ன பெத்த அம்மா
ரத்னா