பச்சை அடித்த ஆம்ப்ளிஃபயர்

23.8.2024, வெள்ளி

விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும்போது வாசலில் ஆட்டோ. இவரும் டிரைவருமாக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மரப்பெட்டி, மேலே கறுப்பு ரெக்சின், முன்பக்கம் ஒரு முரட்டுத் துணி, மேல் ஓரத்தில் வரிசையாகத் திருகுகள். எத்தனையோ வருஷத்து அழுக்கு.

இவருடைய ஆலைக்கு வந்த வெளிநாட்டு ஸ்கிராப் கண்டெய்னரில் கிடந்ததாம். மரம் கலந்தது உலைக்கு ஆகாது என்று ஓரமாகத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

“இன்னாத்துக்கு இது?” என்றேன்.

“பிரேமா கிட்டாருக்கு ஆவும்னு தூக்கியாந்தேன்.”

“பில்லு?”

சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எடை போட்டு, மேனேஜர் கையெழுத்தோடு, 760 ரூபாய். பில் இல்லாத பொருளை சாமி இருக்கிற வீட்டுக்குள் விடமாட்டேன் என்பது என் வீட்டுக்காரர் தணிகைவேலுக்குக் கல்யாணம் ஆன புதிதிலேயே தெரியும். ஆட்டோ 250.

பிரேமா வேலை விட்டு வந்து பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். “அம்மா, இது வால்வு ஆம்ப்ளிஃபயர்மா! கிட்டாருக்குன்னே செஞ்சது. பழசும்மா!”

பழசு என்பது எனக்கே தெரிகிறது. அதில் இவ்வளவு சந்தோஷம் ஏன் என்றுதான் தெரியவில்லை.

30.8.2024, வெள்ளி

ரேடியோ கடை அன்புராஜ் பெட்டியைச் சரி செய்து தானே கொண்டுவந்து கொடுத்தான். நம் ஊர்க் கரண்டை நேராகக் கொடுத்தால் வெந்துவிடுமாம். பாதியாகக் குறைத்துக் கொடுக்கத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர். எல்லாம் சேர்த்து 3,400.

“உள்ள எல்லாம் அந்தக் காலத்து சாமான்க்கா. ரெண்டு கண்டென்சர்தான் மாத்தினேன்” என்றான்.

சுவிட்சைப் போட்டதும் பின்பக்கத்துக் கண்ணாடிக் குழல்கள் மெதுவாகச் சிவந்தன. கார்த்திகைக்கு மாடத்தில் அகல் வைத்த மாதிரி. பிரேமா ஒரு கம்பியைத் தட்டினாள். சத்தம் வந்து, கொஞ்ச நேரம் கூடத்திலேயே நின்றுவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு கல்பனா ஜன்னல் வழியாக, “இன்னாக்கா, ஊட்ல கச்சேரியா?” என்றாள்.

இதுவரை மொத்தம் 4,410. வீண்செலவு என்று எழுத மனம் வரவில்லை.

8.10.2024, செவ்வாய்

சிறுவாபுரி போய் வந்தேன். கூட்டம். முருகன் முகத்தைப் பார்க்க அரை நிமிஷம்தான் விட்டார்கள், போதும்.

பிரேமா நாலு நாளாகப் போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரிக்கிறாள். கேட்டால், “விஜயதசமி அன்னிக்கு ஒண்ணு சொல்றேன்மா” என்கிறாள். யாராவது பையனா? கேட்கவில்லை. முருகனிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

11.10.2024, வெள்ளி. ஆயுத பூஜை

விடியலிலேயே ஆரம்பித்தேன். தையல் மிஷின், கிரைண்டர், அரிவாள்மனை, இவருடைய வண்டி எல்லாம் கழுவித் துடைத்து வைத்தாயிற்று. வாசல் கேட்டுக்கு எனாமல் பெயின்ட் அடித்தேன். நல்ல கிளிப்பச்சை. அரை டின் மிச்சம்.

அந்தப் பெட்டி ஒன்று மட்டும் அழுக்கோடு உட்கார்ந்திருந்தால் சரஸ்வதிக்கு அடுக்குமா? துணியை சீயக்காய்த் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். ரெக்சின் கிழிந்த இடங்களைப் பசை வைத்து ஒட்டினேன். பிறகு பச்சை, இரண்டு கோட். காய்ந்ததும் துணியில் சந்தனம், மேலே குங்குமம், மூன்று இடத்தில். சாமந்திச் சரம் ஒன்று.

புதுப்பெண் மாதிரி இருக்கிறது. பிரேமா கம்பெனி பூஜை முடிந்து வந்து பார்க்கட்டும்.

அதே நாள், சாயங்காலம்

வந்தா. பார்த்தா. கையில பொரிப் பொட்டலம் அப்படியே நிக்குது.

“ஐயோ! இன்னாம்மா பண்ணி வச்சிருக்க!”

இன்னா பண்ணேன்? சுத்தம்தானே பண்ணேன்? சாமிக்குத்தானே வச்சேன்?

அழுதுக்கினே சொன்னா. பெரம்பூர்ல பென்னின்னு ஒருத்தராம், பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கி விக்கிறவர். போட்டோ பார்த்துட்டு ரெண்டு லட்சம் தரேன்னு சொல்லியிருக்கார். அந்தக் காசுல மெட்ராஸ்ல ரெக்கார்டிங் படிப்பு. ஜனவரியில வகுப்பு. ஃபீஸு ஒண்ணு அறுபது, பாதியை நவம்பர் முப்பதுக்குள்ள கட்டணும். இல்லன்னா சீட்டு இல்ல. நாளைக்கு இதைத்தான் சொல்ல இருந்தாளாம்.

“பழசு பழசாவே இருந்தாத்தாம்மா காசு. அழுக்கோட இருக்கணும்.”

அழுக்குக்கா ரெண்டு லட்சம்? யாராவது எங்கயாவது கேள்விப்பட்டிருக்காங்களா? தப்பு என் மேலன்னா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?

12.10.2024, சனி

விஜயதசமி. டர்பென்டைன் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். பெயின்ட்டோடு ரெக்சினும் இளகி வந்தது. நிறுத்திவிட்டேன். குங்குமக் கறை துணியை விட்டுப் போவதாக இல்லை.

பிரேமா பேசவில்லை.

14.10.2024

இன்றும் பேசவில்லை. சாப்பிட்டாள். அது போதும்.

20.10.2024, ஞாயிறு

மழை விட்டிருந்தது. அந்த பென்னி காரில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் நிறையச் சிரிப்பு. பெட்டியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

“ஆன்ட்டி… கேட்டுக்கு அடிச்ச அதே பெயின்ட்டா?”

“ஆமாம் தம்பி. நல்ல கம்பெனி, அஞ்சு வருஷம் உரியாது.”

தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நல்ல பிள்ளைதான். பொறுமையாகச் சொன்னார். கை படாத பழசு என்றால் இரண்டு லட்சம். அதே கம்பெனி இப்போது அதே மாதிரி போடுகிற புதுசு கடையில் ஒன்றரை. இது, பச்சையும் பொட்டுமாக, எழுபதாயிரம்.

கணக்கு எனக்கு இடித்தது. பழசுக்குப் புதுசைவிட விலை அதிகம், சரி. பச்சை அடித்ததும் புதுசில் பாதிகூட இல்லை என்றால், உள்ளே இருப்பது மாறிவிட்டதா? அதைத்தான் கேட்டேன்.

“உள்ள மாறல ஆன்ட்டி.”

“அப்ப சத்தம்?”

“சத்தமும் மாறல.”

காரில் ஒரு புதுசு வைத்திருந்தார், வேறு யாருக்கோ கொடுக்க. அதை இறக்கச் சொன்னேன். கூடத்தில் கயிறு கட்டி என் சுங்குடிப் புடவையைத் தொங்கவிட்டேன். பின்னால் இரண்டு பெட்டி, நடுவில் பிரேமா. இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். எதில் வாசிக்கிறாள் என்று நாங்கள் சொல்ல வேண்டும். பென்னிக்கு உற்சாகம் வந்துவிட்டது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இவர் முதல் தடவையே கையை விரித்தார். “ரெண்டும் சத்தந்தான். எங்க யார்டுல எல்லாத்துக்கும் ஒரே கணக்கு, எடை.”

பென்னி ஒரு தடவைகூடத் தவறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பழசு, புதுசு, பழசு, பழசு என்று சொல்லிக்கொண்டே போனார். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. புதுசில் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. பழசில் ஒவ்வொரு கம்பியும் தனியாக நிற்கிறது.

“அரிசி மாதிரி” என்றேன். “புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரி உதிரியா நிக்கும். அதனாலதான் கிலோவுக்குக் கூடக் கொடுத்து பழசு வாங்கறோம்.”

“கரெக்ட் ஆன்ட்டி! அதேதான்!”

“பழைய அரிசிக்குக் கூடக் கொடுக்கறது நியாயம், சோத்துல தெரியுது. ஆனா நீங்க ஒண்ணு முப்பது குறைச்சது அரிசிக்கு இல்லியே தம்பி? நான் கோணிக்குத்தானே பெயின்ட் அடிச்சேன்?”

இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பென்னி கோபப்படவில்லை. “ஆன்ட்டி, நான் வாசிக்க வாங்கல, விக்க வாங்கறேன். என்கிட்ட வாங்கறவர் கண்ணாடி அலமாரியில வச்சிப் பார்க்கறவர். அவர் கோணியைத்தான் பார்ப்பார். நான் ரெண்டு லட்சம் கொடுத்தா என் காசுதான் போவும்.”

அதுவும் நியாயம்தான். அவர் பிழைப்பு அது.

இவ்வளவு பேசியும் புடவைக்குப் பின்னால் சத்தம் நிற்கவில்லை. சோதனை முடிந்தது பிரேமாவுக்குத் தெரியவே இல்லை. எட்டிப் பார்த்தேன். பச்சைப் பெட்டியில் வயரைச் செருகி, அதன்மேல் ஒரு கையை ஊன்றுவதும் வாசிப்பதுமாக இருக்கிறாள். விற்கப் போகிறவள் வாசிக்கிற வாசிப்பா அது?

“எழுபதுக்குக் கொடுக்கல தம்பி” என்றேன். காபி குடித்துவிட்டுப் போனார்.

போன பிறகு பிரேமா ஒன்பது நாளில் முதல் தடவையாகப் பேசினாள். “அதுவும் போச்சாம்மா?”

21.10.2024

தப்பு செய்துவிட்டேனோ? எழுபதாயிரம் கையில் வந்திருந்தால் இன்னும் பத்து போட்டு முதல் பாதியைக் கட்டியிருக்கலாம். கட்டிவிட்டு? படிக்கப் போகிறவளிடம் அந்தப் பெட்டி இருக்காது. எழுபதுக்கு அது போவது தப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பணத்துக்கு வழிதான் தெரியவில்லை.

27.10.2024, ஞாயிறு

அம்மன் கோவில் அன்னதானத்துக்கு அண்டா எடுக்க பூவம்மாள் அக்காவின் வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரு அண்டா, உடம்பெல்லாம் சொட்டை. “இன்னாக்கா இது, எடைக்குப் போட வேண்டியது” என்றேன்.

“அடி போடி! பொங்கறதுக்குச் சொட்டை இன்னாடி பண்ணும்? புதுசுக்கு இன்னா வாடகையோ அதேதான் இதுக்கும். மாசத்துல பாதி நாளு இது ஊட்லயே இருக்கறதில்ல.”

அண்டாவை ஏற்றிய ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் பென்னிக்குப் போன் போட்டேன்.

“தம்பி, பாட்டு ரெக்கார்டிங் பண்றவங்க இந்த மாதிரிப் பெட்டியை வாடகைக்கு எடுப்பாங்களா?”

“எடுப்பாங்க ஆன்ட்டி. ஒரு ஸ்டுடியோ கேட்டுக்கினே இருக்காங்க. மைக் முன்னாடிதான் வைப்பாங்க. மைக்குக்குக் கலர் தெரியாது” என்றார். அவரே சிரித்துவிட்டார். “இது எனக்குத் தோணல பாருங்க.”

ஒரு நாளைக்கு வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. ஏற்ற இறக்க அவர்கள் வண்டி. டெபாசிட் இல்லாமல் வாசலைத் தாண்டாது. பென்னிக்குப் பத்தில் ஒரு பங்கு. பாத்திரக் கடையில் என்ன பழக்கமோ அதே.

12.11.2024, செவ்வாய்

ஸ்டுடியோ வேன் வந்தது. பெட்டி போகும்போது வாசலில் தண்ணீர் தெளித்தேன். வேனில் வந்த பையன், “இது இன்னா, கோவில் உண்டியலா?” என்று கேட்டான். பிரேமா அவனை முறைத்தாள்.

என் பெட்டியை யாராவது ஏதாவது சொன்னால் இப்போது அவளுக்குக் கோபம் வருகிறது.

15.11.2024

திரும்பி வந்தது. ஒரு கீறல் இல்லை. மூன்று நாள் வாடகை. அடுத்த மாதத்துக்கும் ஐந்து நாள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

26.11.2024, செவ்வாய்

வாடகை வரும், ஆனால் முப்பதாம் தேதிக்குள் வராது. லட்ச ரூபாய்ச் சீட்டைத் தள்ளி எடுத்தேன். கையில் 81,000. நஷ்டம்தான். தெரிந்தேதான் எடுத்தேன்.

இவர், “மாடி ரூமு கட்டறதுக்குன்னு வச்சிருந்தியே?” என்றார்.

“மாடி எங்கயும் ஓடிடாது.”

ஃபீஸ் கட்டி ரசீது வாங்கியாயிற்று. பிரேமா ரசீதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகக் கீரை ஆய்ந்தோம்.

6.1.2025

காலை ரயிலில் பிரேமா முதல் நாள் வகுப்புக்குப் போனாள். தயிர்சாதம், மாவடு. நெற்றியில் விபூதி. ரயில் ஏறியதும் துடைத்திருப்பாள், பரவாயில்லை.

17.4.2025, வியாழன்

இரண்டாவது பாதி ஃபீஸ் கட்டியாயிற்று. முக்கால்வாசி வாடகைக் காசு, மீதி இவர் போட்டது.

22.6.2025, ஞாயிறு

பென்னி போன். யாரோ ஒருவர் ஸ்டுடியோவில் கேட்டுவிட்டு, பச்சையோடவே இருக்கட்டும், ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறாராம். “நல்லா யோசிங்க ஆன்ட்டி, இனி இவ்ளோ வராது.”

யோசிக்க என்ன இருக்கிறது? பழைய அரிசி வீட்டில் இருக்கும்போது யாராவது விற்றுவிட்டுப் புது அரிசி வாங்குவார்களா? பிரேமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் “வேணாம்” என்றாள்.

1.10.2025, புதன். ஆயுத பூஜை

நேற்றுத்தான் பெட்டி ஸ்டுடியோவிலிருந்து வந்தது. பிரேமாவுக்கு வகுப்பு விடுமுறை. நான் கிரைண்டரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கூடத்திலிருந்து குரல்.

“அம்மா, கீழ் மூலையில பெயின்ட் பேந்துருக்கு. அந்த டின்னு இருக்கா, காஞ்சிடுச்சா?”

பரணிலிருந்து எடுத்துத் திறந்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. குச்சியால் விலக்கினால் அடியில் ஈரம். பழைய பிரஷ் ஒன்றும் கொடுத்தேன். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவளே அடித்தாள்.

காய்ந்ததும் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். நான் கைப்பிடிப் பக்கம் ஓரமாக வைக்கப் போனேன்.

“அங்க இல்லம்மா. துணி மேல வை.”

போன வருஷத்துக் கறை மேலேயே வைத்தேன், மூன்று பொட்டு.