இந்தியாவில் இருந்த நாள்கள்

ஆம்பூர்
8.7.2025

அன்புள்ள ரெனிட்டா அப்பாவுக்கு,

இங்கே சுகம். மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. போனில் வரிப் பேச்சை எடுத்தாலே "லைன் கட்டாகுது" என்கிறீர்கள். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பில் நசீமுன்னிசா என்றொரு பெண் என்னைக் கேட்டாள்: "டீச்சர், விருந்தாளி வந்த நாளையும் எண்ணணுமா, போன நாளையும் எண்ணணுமா?" மூன்றாம் தேதி வந்து ஏழாம் தேதி போனவர் எத்தனை நாள் இருந்தார் என்பது கணக்கு. நான் அவசரத்தில் நாலு என்றேன். அவள் விரலை மடக்கி ஐந்து என்றாள். அவள்தான் சரி.

இப்போது வருமான வரிக்காரர்கள் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நீங்கள் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 182 நாளைத் தொடாதவரை நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். எத்தியோப்பியாச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. உங்களுக்காக நான் தாக்கல் செய்ததில் 20 நாள் என்று போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நீங்கள் வீட்டில் இருந்த நாள்களைக் காலண்டரில் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டு எண்ணித்தானே எழுதுகிறேன்.

காலண்டரை எடுத்துக்கொண்டு லாங் பஜாரில் ஆடிட்டர் ஜியாவுதீனிடம் போனேன். சிரித்துவிட்டார். "டீச்சர், காலண்டர்லாம் செல்லாது. பாஸ்போர்ட்ல சீல் அடிச்ச பக்கம் வேணும். பேஜார் ஆவாதீங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். பழைய பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆகஸ்ட் 14 கடைசி நாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மலர்


அடிஸ் அபாபா
15.7.2025

மலருக்கு,

மெயில் பாத்தேன். பழைய பாஸ்போர்ட் எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்ல. இங்க வேலை ஜாஸ்தி, தேட நேரம் இல்ல. எவ்ளோ கேக்கறாங்களோ கட்டிடச் சொல்லு ஆடிட்டர. நாள் கணக்குலாம் தோண்டிக்கினு இருக்க வேணாம். நீ எதுக்கு அலையிற, உடம்ப பாத்துக்க.

டைட்டஸ்


ஆம்பூர்
22.7.2025

அன்புள்ள ரெனிட்டா அப்பாவுக்கு,

நீங்கள் தேட வேண்டாம். கிடைத்துவிட்டது. போன வருஷம் ஊருக்கு வந்து புதுசு எடுத்தபோது பழையதை மூலை கத்தரித்துத் திருப்பிக் கொடுத்தார்களே, அது பீரோவில் உங்கள் கல்யாணக் கோட்டுக்கு அடியில் இருந்தது.

சென்னையில் இறங்கிய சீல், 11 ஆகஸ்ட் 2023. புறப்பட்ட சீல், 4 மார்ச் 2024. நடுவில் வேறு சீல் இல்லை. இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஊதி ஊதிப் பிரித்துப் பார்த்தேன். வந்த நாளும் போன நாளும் சேர்த்து 207. வீட்டில் இருந்தது, ரெனிட்டாவின் நிச்சயதார்த்தத்தை ஒட்டி 20. டிசம்பரில் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினீர்களே, எங்கிருந்து வந்தீர்கள்?

அக்டோபர் 17 எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். முந்தின நாள் போன் செய்து, "டிக்கெட் கெடைக்கல மலரு. இங்க ஒரே மழை, சத்தம் கேக்குதா?" என்றீர்கள். கேட்டது. குடை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நான் எண்ணியதில் தவறு இருந்தால் எழுதுங்கள். தவறாக இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

மலர்


அடிஸ் அபாபா
30.7.2025

மலரு,

நாலு நாளா எழுதி எழுதி அழிச்சேன். நீ எண்ணினது சரிதான்.

அப்ப இருந்த கம்பெனிய மூடிட்டாங்க. சென்னையில இறங்கி ஆம்பூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். ரெனிட்டாவ பாக்க வர்றவங்க எல்லார்கிட்டயும், அப்பா பாரின்ல மேனேஜர்னு சொல்லி வெச்சிருந்தோம். வேலை இல்லாதவனா வந்து நிக்க மனசு வரல. அரக்கோணத்துல இறங்கிட்டேன். அங்கயே ஒரு ரூம் எடுத்துக்கினு ராணிப்பேட்டைல ஒரு தோல் ஷெட்டுக்கு வேலைக்குப் போனேன். ஒரு மாசத்துல வேற கம்பெனி கெடைச்சிடும், சொல்லாமலே முடிஞ்சிடும்னு நெனச்சேன். அது ஏழு மாசம் ஆயிடுச்சி. போன்ல நீ கேட்டது மழை இல்ல. தோல் ஊற வைக்கிற டிரம்மு ஓடுற சத்தம்.

ஆபரேஷன் அன்னிக்கு காட்பாடி வரைக்கும் வந்தேன். ஆண்டவர் சாட்சி. பிளாட்பாரத்துல ஒரு பொண்ணு, "நீங்க பொன்மலர் டீச்சர் வூட்டுக்காரர்தானே?"ன்னு கேட்டுச்சி. இல்லம்மான்னு சொல்லிட்டேன். அடுத்த வண்டியிலயே திரும்பிட்டேன்.

வேற பொம்பள யாரும் இல்ல மலரு. கெட்ட பழக்கம் இல்ல. வெக்கம்தான். இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன், எழுது.

டைட்டஸ்


ஆம்பூர்
12.8.2025

ரெனிட்டா அப்பாவுக்கு,

நோட்டீஸுக்குப் பதில் போய்விட்டது. 207 நாள் என்று உள்ளபடியே எழுதினோம். பல வருஷம் வெளியே இருந்துவிட்டு வருபவர்களுக்கு இடையில் ஒரு நிலை இருக்கிறதாம்: வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர். அதன்படி எத்தியோப்பியாச் சம்பளத்துக்கு வரி வராது என்கிறார் ஜியாவுதீன். ராணிப்பேட்டைச் சம்பளமும் வரம்புக்குள்தான். "சார் அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த நோட்டீஸே வந்திருக்காது டீச்சர்" என்றார். ஆமாம் என்றேன்.

விடை தவறிப்போன பிள்ளைக்கு நான் ஒருநாளும் சைபர் போட்டதில்லை. வழியைப் பார்த்துப் பாதியாவது போடுவேன். வேலை போனது உங்கள் தப்பில்லை. மறைத்ததற்கும், மகளை நினைத்துச் செய்ததாக எடுத்துக்கொண்டு பாதி போட்டுவிட்டேன்.

ஆனால் அன்று காலை நர்ஸம்மா படிவத்தோடு வந்து, "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார். "வெளிநாட்டுல. வர முடியாது" என்று பெருமையாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்பரீன் கையெழுத்துப் போட்டாள். அந்த நேரத்தில் நீங்கள் காட்பாடியில் ஒரு பெண்ணிடம் என் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இதை எந்த வழியில் போட்டுப் பார்த்தாலும் எனக்கு மதிப்பெண் வரவில்லை. இரண்டு வாரமாகப் பார்த்துவிட்டேன்.

கோபமாக எழுதவில்லை. கோபம் இருந்தால் நீங்கள் வந்ததும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். ரெனிட்டாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருஷக் கணக்கை நீங்களே தாக்கல் செய்யுங்கள். நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. பாஸ்வேர்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வரித்துறைத் தளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டு உள்ளே போங்கள். உங்கள் பெயரைத் தொட்டால் விவரங்கள் திறக்கும். அதில் முகவரி என்ற இடத்தில் இந்த வீடு இருக்கும். அதை அழித்துவிட்டு, இனி நீங்கள் இருக்கப்போகும் இடத்தை எழுதிப் பாருங்கள்.

பொன்மலர்