கொத்தாக விழும் அடிகள்

மார்ச் 4
வயல்வெளியெங்கும் மூடுபனி. பதுவாவிலிருந்து ஆய்வகம் வர வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. நிலாப் பயணத்துக்கான புதிய விண்கலச் சுவரின் துண்டு வந்திருக்கிறது. அதைத் தாண்டி வரும் விண்வெளிக் கதிர்வீச்சுத் துகள் என்ன செய்கிறது என்று நாங்கள் பார்க்க வேண்டும்.

மதியம் மார்சியா அழைத்தாள். அந்தக் கலத்தில் போகும் குழுவில் அவள் பெயரும் இருக்கிறதாம்! "அண்ணா, இந்தத் தடவை நிலா. அம்மாகிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா அழுவாங்க." என் தங்கை ஏற்கனவே அரை வருடம் விண்வெளி நிலையத்தில் இருந்தவள். அம்மா எப்படியும் அழுவாள்.

மார்ச் 11
எண்கள் சரியில்லை.

மார்ச் 13
மறுபடி அளந்தோம். அதே விடை.

எனக்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் துண்டில் இரண்டோ மூன்றோ, மரபணு இழையின் தடிமன் அவ்வளவுதான். கருவியின் டப்பாவுக்குள் மெல்லிய வாயுவை அந்த இழையின் பெரிதாக்கிய மாதிரியாக வைத்து, துகள் கடக்கும்போது எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுகிறோம். அடிகள் சிதறி விழுந்தால் செல் தன்னைத் தைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தால் தைக்க முடியாது. அந்தச் சுவர் துகளைத் தடுக்கவில்லை, உடைத்து அனுப்புகிறது. சுவருக்குப் பின்னால் கொத்துகள் கூடிவிடுகின்றன.

எங்கள் தலைவி செவரீனா திரையை வெகுநேரம் பார்த்தார். "கருவிதான் தப்புன்னு ஆசைப்படாதே, டூலியோ."
ஆசைப்பட்டேன்தான்.

மார்ச் 16
இந்த விடை விண்வெளி நிறுவனத்துக்குப் போனால் குழுவில் ஒவ்வொருவரின் கதிர்வீச்சுக் கணக்கும் ஏறும். மற்றவர்கள் முதல்முறை போகிறவர்கள், அவர்களுக்கு இடமிருக்கிறது. மார்சியாவுக்கு இல்லை. முதல் பயணமே அவளுக்கு அனுமதித்த பங்கில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது.

மார்ச் 20
அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

முதலில் சிரித்தாள். பிறகு, "ஒரு மாசம் தள்ளிப் போடேன். பொய் சொல்லுன்னா சொல்றேன்? இன்னொரு தடவை அளக்கணும்னு சொல்லு. அதுக்குள்ள குழு உறுதியாயிடும்."
"அதே சுவருக்குள்ளதானே உக்காரப் போறே, மார்சியா."
"உக்காரப் போறது நான். உனக்கென்ன?"
"எனக்கென்னவா?"
"வாயுவை அளந்துட்டு என்னையே அளந்த மாதிரிப் பேசறியே அண்ணா! என் உடம்பு உன் டப்பா இல்லை."

போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கொத்துகளை எண்ணத் தெரியும். அவை யாருக்குள் என்னவாக வளரும் என்று எனக்கும் தெரியாது.

மார்ச் 21
செவரீனா: "நீ அனுப்பலைன்னா நான் அனுப்புவேன். உன் மேல பழி வராது. யோசிச்சுக்கோ."
யோசித்தேன். அந்தக் கலத்தில் போகப்போகிற மற்றவர்களுக்கும் அண்ணன் தம்பி இருப்பார்கள்.
நானே அனுப்பினேன்.

ஏப்ரல் 30
மார்சியாவைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள். சுவரையும் மாற்றுகிறார்களாம். அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

மே 12
கியோஜாவில், அம்மா வீட்டில். அம்மா மீன் சமைத்து மூன்று தட்டு வைத்திருந்தாள். மார்சியா வரவில்லை. "என்னடா பண்ணினே அவளை?" என்றாள் அம்மா. எப்படிச் சொல்வது? தின்னாமல் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3
அவள் பிறந்தநாள். அழைத்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 19
கலம் கிளம்பியது. ஆய்வகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மார்சியாவை நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கே உட்கார்ந்து இதைப் பார்க்கிறாளோ, பார்க்கவே இல்லையோ.

டிசம்பர் 2
அழைத்தாள்! குரல் தணிந்திருந்தது.
"வருஷா வருஷம் எடுக்கற ரத்தப் பரிசோதனை... மறுபடி எடுக்கணுமாம். ஏதோ சரியில்லையாம்."
"என்ன சரியில்லை?"
"தெரியலைன்னுதான் மறுபடி. முன்னாடி போனதாலயா அண்ணா?"
"தெரியாது மார்சியா."
"உனக்கும் தெரியாதா?"
"தெரியாது."
மருத்துவமனையின் பெயரையும் நாளையும் சொன்னாள். பிறகு, "தனியாப் போகப் பிடிக்கலை. கூட வரியா?"

டிசம்பர் 5
மருத்துவமனைக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நிலாவைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. இளைத்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.